யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வெளிநாட்டுப் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி: எந்த வழி நல்லது?

போன ஆவணியில் ஒரு பின்னேரம். நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். கொக்குவிலில் இருக்கும் தங்கச்சி ஒருவர், என்னைப் போலத் தொழில்வழிச் சிகிச்சையாளர், கோயிலுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தார். படலையைச் சாத்தும்போதே கேட்டார்: "அக்கா, எனக்குத் தொடர்கல்வியில இன்னும் பதினாலு மணித்தியாலம் குறையுது. கார்த்திகை முடியிறதுக்குள்ள என்னெண்டு சேர்க்கிறது?"

அவர் மெல்பேர்னில் ஆறு வருடம் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்தவர். தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்து இங்கேயே ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்கிறார். திரும்பிப் போவாரா, மாட்டாரா என்பது அவருக்கே இன்னும் முடிவில்லை. அதனால் அங்கே தொழில் செய்வதற்கான அவுஸ்திரேலியப் பதிவை விடவும் மனமில்லை. என் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். நான் இலண்டனில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவள், பிரித்தானியப் பதிவை இன்றுவரை வைத்திருக்கிறேன். எங்களைப் போல இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கலிபோர்னியா லைசன்ஸ், இன்னொருவருக்குக் கனடாவின் ஒன்ராறியோ. எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான். புதுப்பிக்கும் நாள் வருவதற்குள் தேவையான தொடர்கல்வியை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படிச் செய்வது? இணையத்தில் காசு கட்டிப் படிப்பதா, கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ப் படிப்பதா, ஊரிலேயே கூடிப் படிப்பதா, இல்லை பதிவைக் கைவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்வதா?

அன்றைக்குத் தங்கச்சிக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து யோசித்ததையும் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு சொல். பெயரில் "தொழில்" என்று இருப்பதால் வேலை தேடிக் கொடுப்பவர்கள் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, சமைப்பது, எழுதுவது, விளையாடுவது என்று ஒருவர் நாளாந்தம் செய்கிற எல்லாம் இங்கே தொழில்தான். பாரிசவாதம் வந்த அம்மா மறுபடி புட்டுக்கு மா குழைக்க வழி செய்வதும், பெருமூளை வாதம் உள்ள பிள்ளை கரண்டி பிடிக்க வழி செய்வதும் எங்கள் வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எந்த அளவுகோல் என்று முதலில் பாருங்கள்

பலர் இங்கேதான் தவறு விடுகிறார்கள். நண்பர் ஒருவர் ஏதோ ஒரு பயிற்சியில் சேர்ந்தார் என்று தாங்களும் சேர்ந்துவிடுகிறார்கள். நண்பரைப் பதிந்திருக்கும் சபை கேட்பது ஒன்று, தங்களுடைய சபை கேட்பது வேறொன்று.

அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 20 மணித்தியாலம். 2019 டிசம்பருக்கு முன்னர் 30 ஆக இருந்தது, பிறகு குறைத்தார்கள். ஆனால் அந்த 20இல் குறைந்தது 5 மணித்தியாலமாவது மற்றச் சிகிச்சையாளர்களோடு பேசிப் பழகிக் கற்றதாக இருக்க வேண்டும். பதிவுசெய்த காணொளியைத் தனியாக இருந்து பார்த்தது அந்த ஐந்துக்குள் வராது. பதிவைப் புதுப்பிக்கும் நாள் நவம்பர் 30. கற்றதற்கான ஆதாரங்களை ஐந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தங்கச்சி ஆறு மணித்தியாலம் முடித்திருந்தார், ஆறும் காணொளி. அதாவது அவருக்கு 14 குறைகிறது என்பதைவிட, அந்த 14க்குள் 5 குறிப்பிட்ட வகையில் இருக்க வேண்டும் என்பதே முக்கியமான செய்தி. அதை அவர் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் கணக்கு இரண்டு. தேசியச் சான்றிதழ் சபைக்கு மூன்று ஆண்டுக்கு 36 தொடர்கல்வி அலகு. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி லைசன்ஸ், தனித்தனி விதி. கலிபோர்னியா இரண்டு ஆண்டுக்கு 24 அலகு கேட்கிறது, அதில் பாதியாவது நேரடியாகச் சிகிச்சை வழங்குவதோடு தொடர்புபட்டதாக இருக்க வேண்டும். நியூயோர்க் மூன்று ஆண்டுக்கு 36 மணித்தியாலம் கேட்கிறது. மணித்தியாலமும் சான்றிதழும்தான் அங்கே பேசும்.

பிரித்தானியாவில் எண்ணிக்கையே இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் சபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அது கேட்பது ஐந்து விடயங்கள்: கற்றதைத் தொடர்ந்து பதிந்து வைக்க வேண்டும். கற்றல் பலவகையாகவும் வேலைக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். அது வேலையின் தரத்தைக் கூட்டியிருக்க வேண்டும். சிகிச்சைக்கு வருபவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். கேட்டால் இவ்வளவையும் எழுதிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தொழிலிலும் நூற்றுக்கு 2.5 பேரை, அதாவது நாற்பதில் ஒருவரை, எழுந்தமானமாகத் தெரிவுசெய்து அந்த எழுத்தைக் கேட்பார்கள். நூறு மணித்தியாலச் சான்றிதழை அடுக்கி வைத்தாலும், அதனால் யாருக்கு என்ன பயன் என்று எழுத முடியாவிட்டால் அங்கே சரிவராது.

ஒன்ராறியோவும் கற்றலுக்கு மணித்தியாலக் கணக்கு வைப்பதில்லை. ஆனால் மூன்று ஆண்டுக்குள் 600 மணித்தியாலம் தொழில் செய்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே பதிவு வைத்துக்கொண்டு ஊரில் வந்து நீண்டநாள் நிற்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பைவிட இந்த 600தான் பெரிய கவலையாக இருக்கும்.

ஆகவே, முதலில் உங்கள் சபையின் விதியை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம், எந்த வகை, எந்த நாளுக்குள். அப்புறம் வழியைத் தேடலாம்.

காசு கட்டி இணையத்தில் படிப்பது

முதலில் எல்லோர் கையும் போவது இங்கேதான். ஆண்டுச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான வகுப்புகள். இரவு சமையல் முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு பார்க்கலாம், பரீட்சையை முடித்தவுடன் சான்றிதழ் கையில். அமெரிக்க லைசன்ஸ் உள்ளவருக்கு இது மெய்யாகவே நல்ல வழி. அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால் தேசியச் சபைக்கும் மாநிலத்துக்கும் ஒரே சான்றிதழைக் காட்டலாம்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும்போது சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, சந்தா டொலரில். 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் எனக்குப் புதுப்பிக்கவேண்டிய சந்தா ஒன்று இருந்தது. வீட்டுச் செலவைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது, நேரம். நேரடி வகுப்பு என்றால் பேசலாம், கேள்வி கேட்கலாம், தங்கச்சியின் 5 மணித்தியாலமும் அதில் வரும். ஆனால் நியூயோர்க்கில் கோடைகாலத்து இரவு 7 மணி எங்களுக்கு அதிகாலை 4.30. இலண்டனில் கோடைகாலத்து மாலை 6 மணி எங்களுக்கு இரவு 10.30. மெல்பேர்னில் இரவு 7 மணி எங்களுக்குப் பகல் 2.30, அவர்களது கோடையில் 1.30. அந்த நேரம் சிகிச்சை நிலையத்தில் ஆட்கள் வரிசையில் இருப்பார்கள். மூன்றிலும் இலண்டன் நேரம்தான் எங்களுக்கு ஓரளவு ஒத்துவருகிறது.

மூன்றாவது, பெயர். சின்ன விடயம் போலத் தெரியும், ஆனால் எனக்கு நடந்தது. ஒரு நிறுவனத்தில் நான்கு வகுப்பு முடித்தேன். வந்த சான்றிதழில் என் பெயர் முதலெழுத்தோடு இருந்தது, பதிவில் அப்பாவின் பெயர் முழுமையாகக் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் என்பதும் சான்றிதழில் இல்லை. திருத்தித் தரும்படி எழுதி எழுதி இரண்டு மாதம் போனது. எங்கள் பெயர்களை வெளிநாட்டவர்கள் மாற்றி மாற்றித்தான் எழுதுவார்கள். காசு கட்டுவதற்கு முன்னரே, பதிவில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் கணக்கைத் தொடங்குங்கள். சான்றிதழில் திகதியும் மணித்தியாலமும் நிறுவனத்தின் அங்கீகார விபரமும் இருக்கிறதா என்று ஒரு மாதிரியைக் கேட்டுப் பாருங்கள்.

நான்காவதுதான் எனக்குப் பெரிது. அந்த வகுப்புகளின் உள்ளடக்கம். சமையலறை பற்றிய வகுப்பு என்றால் நின்று சமைக்கிற மேடை, அடுப்பின் கீழே ஓவன், ஒற்றைக் கையால் வெட்ட ஆணி வைத்த பலகை. குளியலறை பற்றிய வகுப்பு என்றால் குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது. எங்கள் அம்மாமார் நிலத்தில் இருந்து துருவலையில் தேங்காய் துருவுகிறார்கள், கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கிறார்கள். கற்ற தத்துவம் பொருந்தும், செய்முறை பொருந்தாது. அந்த இடைவெளியை நாங்களே நிரப்ப வேண்டும், எந்தக் காணொளியும் நிரப்பித் தராது.

காசில்லாத இணையப் பயிற்சிகளில் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். உதவிச் சாதனங்கள் பற்றி உலக சுகாதார நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் பயிற்சி. ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி போன்ற எளிய சாதனங்களை எப்படித் தெரிவுசெய்து பொருத்துவது என்று படிப்படியாகப் போகும். வசதி குறைந்த இடங்களையும் மனதில் வைத்து எழுதியது. 2009க்குப் பிறகு வடக்கில் கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் எவ்வளவு பேர் என்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் இப்போது வயதாகிக்கொண்டு வருகிறார்கள், தோளும் மணிக்கட்டும் தேய்கின்றன. பதினைந்து வருடத்துக்கு முன்னர் கொடுத்த சக்கர நாற்காலியில் இன்னும் இருப்பவரைப் பார்க்கும்போது அந்தப் பயிற்சி உடனே கைகொடுக்கும்.

பஸ் ஏறிப் போய்ப் படிப்பது

கையால் கற்க வேண்டியதைக் கையால்தான் கற்க வேண்டும். கையை ஒரு நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்கிற பிளாஸ்டிக் தகடு 60 முதல் 75 பாகை செல்சியஸ் சுடுநீரில் இளகும். அதை எடுத்து ஒத்தி, கையில் வைத்து, எவ்வளவு இழுபடுகிறது, எப்போது இறுகத் தொடங்குகிறது என்று விரலால் உணர வேண்டும். பெருவிரல் அடியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் ஒரு கிழமைக்குள் தோல் சிவந்துவிடும். பக்கத்தில் தெரிந்த ஒருவர் நின்று "இந்த இடத்தை இன்னும் விரித்துவிடும்" என்று சொல்லாமல் இது வராது. நான் காணொளி பார்த்துச் செய்த முதல் இரண்டு ஸ்பிளின்ட்டும் குப்பைக்குப் போயின. தகட்டின் விலையை நினைக்க இன்னும் மனம் வருந்துகிறது.

இதற்குக் கொழும்புதான் கிட்ட. கிட்ட என்றாலும் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு பயிலரங்குக்குப் போய், அன்றிரவே திரும்பலாம். வேலைக்கு ஒரு நாள், உடம்புக்கு இரண்டு நாள். சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கும், படுக்கையில் தாய் தகப்பன் உள்ளவர்களுக்கும் அதுவே பெரிய காரியம். ஆனாலும் தேநீர் இடைவேளையில் ராகமையில், கண்டியில், மட்டக்களப்பில் வேலை செய்பவர்களோடு பேசுவது வேறெங்கும் கிடைக்காது. எந்தக் கடையில் தகடு வாங்கலாம், எந்த வைத்தியசாலையில் எந்தச் சிகிச்சையாளர் கைக் காயத்தில் கெட்டிக்காரர் என்று அங்கேதான் தெரியவரும். அவுஸ்திரேலியப் பதிவின் 5 மணித்தியாலமும் ஒரே நாளில் வந்துவிடும்.

அடுத்தது தமிழ்நாடு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழில்வழிச் சிகிச்சைத் துறை இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே எங்கள் தொழிலைச் செயல்முறை மருத்துவம் என்பார்கள், விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரால் தேடுங்கள். அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் 1952இல் தொடங்கியது, எங்கள் உலகக் கூட்டமைப்பும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் பயிலரங்குகளும் நடக்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால், கொழும்பு சுற்றிப் போகிற கரைச்சல் இல்லை. என்னைக் கேட்டால், சென்னை, வேலூர்ப் பயிற்சிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்குள்ளவர்கள் நோயாளியோடு பேசுவது தமிழில். நிலத்தில் இருந்து சாப்பிடுவது, கையால் பிசைவது, குந்தி இருக்கும் கழிப்பறை எல்லாம் அவர்களுக்குப் புதிதல்ல. இலண்டனில் படித்ததை இங்கே மொழிபெயர்த்துச் செய்ய எனக்கு ஒரு வருடம் எடுத்தது, அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பயணம் செய்து, விடுதி எடுத்து, பல கிழமை நின்று படிக்கும் பயிற்சி என்றால் அதன் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான நரம்பு வளர்ச்சிச் சிகிச்சை என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொபாத் தம்பதியர் இலண்டனில் உருவாக்கியது, எங்கள் பகுதியில் இன்றைக்கும் பெரிய மதிப்பு. அவுஸ்திரேலியாவின் அயோனா நோவக், அவரும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர், குழுவாகச் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்குப் போலப் பிரித்தார்கள். அதில் இந்த முறை சிவப்பில் விழுந்தது. பச்சையில் வந்தவை எவை தெரியுமா? பிள்ளை செய்ய விரும்பும் வேலையையே இலக்காக வைத்துப் பழக்குவது, இரு கையும் சேர்த்துப் பழக்குவது, நல்ல கையை உறையில் இட்டு மற்றக் கையைப் பழக்குவது, வீட்டில் பெற்றோரோடு செய்யும் பயிற்சித் திட்டம். இவற்றைக் கற்கப் பல கிழமைப் பயணம் தேவையில்லை. பெரிய தொகை கட்டுவதற்கு முன்னர் இப்படி ஒரு தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யவேண்டிய கடமை.

ஊரில் கூடிப் படிப்பது

எனக்குப் பிடித்த வழி இது. மற்ற எதையும்விடக் கூடுதலாக இதையே பரிந்துரைப்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேர், மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் 6 மணிக்குக் கூடுகிறோம். இரண்டு மணித்தியாலம். ஒருமுறைக்கு ஒரு நோயாளியின் கதை, அதோடு தொடர்புள்ள ஒரு ஆய்வுக்கட்டுரை, கடைசியில் ஒவ்வொருவரும் கைப்பட ஒரு பக்கம்: இன்று என்ன தெரிந்துகொண்டேன், திங்கட்கிழமை என்ன மாற்றிச் செய்யப் போகிறேன். ஆறு மணி என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோவில் கோடைகாலத்துச் சனிக்கிழமை காலை 8.30 அது. அங்குள்ள தோழி ஒருவர் ஸூமில் வந்துவிடுவார்.

போன ஆனி மாதம் நடந்ததைச் சொன்னால் எப்படி என்று விளங்கும். எங்களில் ஒருவர் பாரிசவாதத்தால் வலது கை பலவீனமான ஒரு அம்மாவின் கதையைக் கொண்டுவந்தார். கனடாவில் உருவாக்கிய செயல்திறன் அளவீடு ஒன்று இருக்கிறது. நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் புள்ளி போடுவார். அந்த அம்மா முதலில் சொன்ன வேலை தேங்காய் துருவுவது. இரண்டு புள்ளி போட்டார். "மருமகள் துருவித் தாறா, ஆனா என்ர அடுப்படி எனக்கு வேணும்" என்றாராம்.

சிகிச்சை செய்தவர் நல்ல கையை உறையில் இட்டுப் பழக்க நினைத்திருந்தார். அன்றைக்கு நாங்கள் வாசித்தது அந்த முறை பற்றி 2006இல் அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு. அதை வரி வரியாக வாசித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தோம். ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லோரும் மணிக்கட்டைக் குறைந்தது 10 பாகையாவது பின்னால் நிமிர்த்தக்கூடியவர்கள், விரல்களிலும் கொஞ்சம் அசைவு உள்ளவர்கள். எங்கள் அம்மாவின் கை அந்த அளவுக்கு வரவில்லை. ஆய்வின் முடிவு நல்லதுதான், ஆனால் அது அவரைப் போன்றவரைப் பற்றிய முடிவல்ல. உறையை விட்டோம். அதற்குப் பதிலாகத் துருவலையை நிலத்திலிருந்து எடுத்து ஒரு தாழ்ந்த வாங்கில் இறுக்கிப் பொருத்தி, பலவீனமான கை தேங்காய்ப் பாதியைத் தாங்கவும் மற்றக் கை சுழற்றவும் பழக்கலாம் என்று முடிவாயிற்று. ஆறு கிழமை கழித்து அந்த அம்மா ஐந்து புள்ளி போட்டார்.

இதில் தொடர்கல்விக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. அவுஸ்திரேலியப் பதிவுக்கு, மற்றவர்களோடு பேசிக் கற்ற இரண்டு மணித்தியாலம். பிரித்தானியப் பதிவுக்கு, கற்றது வேலையை எப்படி மாற்றியது, நோயாளிக்கு எப்படிப் பயன்பட்டது என்று எழுத ஒரு முழு உதாரணம். இரண்டு வருடத்துக்கு முன்னர் என்னைத் தெரிவுசெய்து கேட்டபோது, நான் எழுதியதில் முக்கால் பங்கு இப்படியான சனிக்கிழமைகளில் இருந்து வந்ததுதான். காசு கட்டிப் பெற்ற சான்றிதழ்கள் ஒரு பந்திக்குள் முடிந்துவிட்டன.

ஆனால் இதற்கும் நிபந்தனைகள் உண்டு. அமெரிக்க லைசன்ஸ் உள்ளவர்கள் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது, அவர்களுக்கு அங்கீகரித்த சான்றிதழும் வேண்டும். அடுத்து, வருகையைப் பதிய வேண்டும். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார் யார், என்ன தலைப்பு, கையொப்பம். இல்லாவிட்டால் அது வெறும் தேநீர்க் கூட்டம்தான். ஆறு பேரும் ஒரே தவறான எண்ணத்தில் இருந்தால் அதைத் திருத்த ஆள் வேண்டும், அதற்காகத்தான் ரொறன்ரோத் தோழி. யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மந்திகையிலோ வேலை செய்யும் இயன் மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் எவரையாவது இடைக்கிடை கூப்பிடுவதும் நல்லது.

அப்புறம், நோயாளியின் அந்தரங்கம். இலண்டனில் பெயரையும் பிறந்த திகதியையும் எடுத்துவிட்டால் போதும், யாரென்று தெரியாது. இங்கே அப்படி அல்ல. ஊரின் பெயர், படித்த பள்ளிக்கூடம், காயப்பட்ட வருடம், மூத்த மகன் சுவிஸில் என்று மூன்று விபரம் எழுதினாலே ஆள் யாரென்று அறையில் இருக்கும் இருவருக்குத் தெரிந்துவிடும். மேலே சொன்ன அம்மாவின் கதையிலும் அவரிடம் கேட்டு, அடையாளம் தரக்கூடியதை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மற்றவர்களுக்குக் கற்பிப்பதும் இந்த வழியில் சேரும். விசேட தேவையுள்ள பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு காலைப்பொழுது பென்சில் பிடிப்பது பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தயார்செய்தால், படிப்பது நீங்கள்தான். பிரித்தானிய விதி அதைக் கற்றலாகவே ஏற்கிறது.

பட்டப்படிப்பும், கைவிடுவதும்

முதுமாணிப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் எந்தச் சபையின் மணித்தியாலமும் தாராளமாக நிரம்பும். ஆனால் பதிவைப் புதுப்பிப்பதற்காக மட்டும் அதில் சேராதீர்கள். கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ எண்ணம் இருந்தால் சேருங்கள், புதுப்பித்தல் அதோடு கூடவே நடக்கும்.

கைவிடுவது பற்றித்தான் பலர் இலேசாகப் பேசுகிறார்கள். "இப்ப விடுவம், தேவைப்பட்டா பிறகு எடுப்பம்." பிரித்தானியாவில் இரண்டு ஆண்டுக்கு மேல், ஐந்து ஆண்டுக்குள் தொழிலைச் செய்யாமல் இருந்தவர் திரும்பி வர 30 நாள் அறிவைப் புதுப்பித்ததைக் காட்ட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் 60 நாள். நாள் என்றால் முழு நாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப்போய், வாடகை கட்டத் தொடங்கும் நேரத்தில் அந்த அறுபது நாளைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு தோழி பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊரில் இருக்கும்போது மாதம் ஒரு சனிக்கிழமை என்பது அதோடு பார்க்க ஒன்றுமில்லை. இனி ஒருபோதும் திரும்பிப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் விடலாம். ஆண்டுதோறும் வெளிநாட்டுக் காசில் கட்டணம் கட்டுவது அவர்களுக்கு வீண். ஆனால் விட்டவர்களும் எங்கள் சனிக்கிழமைக்கு வருகிறார்கள், வரத்தான் வேண்டும். பதிவு இல்லையென்று நோயாளி குறைவதில்லை.

யாருக்கு எது

அமெரிக்க லைசன்ஸ் என்றால் அங்கீகாரம் பெற்ற இணைய வகுப்பைப் பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியா, ஒன்ராறியோ என்றால் ஊர்க் கூட்டமும் எழுத்தும் பிரதானம், இணையம் துணைக்கு. அவுஸ்திரேலியா என்றால் இரண்டும் கலந்து. எந்தப் பதிவு இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கையால் கற்கிற பயிலரங்கு ஒன்றுக்குப் போங்கள், கொழும்பானாலும் சென்னையானாலும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் அதற்குத்தான் செலவழிப்பேன்.

தங்கச்சிக்கு அன்றைக்கே கணக்குப் போட்டோம். புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை மூன்று சனிக்கிழமை, தலா இரண்டு மணித்தியாலம், ஆறு. அதிலேயே அந்த ஐந்து வந்துவிட்டது. ஐப்பசியில் கொழும்பில் ஒரு நாள் ஸ்பிளின்ட் பயிலரங்கு, ஆறு. பன்னிரண்டு. மிச்சம் இரண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சக்கர நாற்காலிப் பாடம். தாயை அந்த ஒரு நாள் யார் பார்ப்பது என்றுதான் யோசித்தார். நான் வந்து இருக்கிறேன் என்றேன். கார்த்திகைக் கூட்டத்துக்குக் கதை கொண்டுவரும் முறை அவருடையது. தாயின் துருவலையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.